மணலுக்குப் பயந்தவர்கள்

சீஸன் நேரத்தில் ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? குற்றாலம் மெயின் அருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பாறையில் மோதும் ஒரே தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, 'அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாங்களும் குளிக்கணும்லா' என்று முண்டியடித்துத் தலையைக் கொடுக்கிறவர்கள் யாரும், இந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை. குளித்து முடித்ததும் பசிதான் தெரியும்!

நாம் கொஞ்சம் யோசிப்போம்.

இந்த மலை முதுகில் பெய்கிற மழை இரண்டு பக்கமும் இறங்குகிறது. கிழக்கே இறங்குவது சிற்றாறாகி, தென்காசியைத் தொட்டுக்கொண்டு போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேற்கே ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இறங்குவது கல்லடா ஆறாகி, கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் கலந்து, அரபிக்கடலுக்குப் போகிறது.

ஆறு வெறும் தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. மலையையும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக் கூடவே எடுத்துப் போகிறது. மேற்கு மலைத்தொடரின் பாறைகளில் இருந்த கனமான தாதுக்களை இப்படிப் பல ஆறுகள் யுக யுகமாகக் கடலில் கொண்டு கொட்ட, அலைகள் அவற்றைத் திரும்பக் கரையில் ஒதுக்கின. கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவரா, ஆலப்பாடு என்று நீளும் கருநாகப்பள்ளி தாலுகா கடற்கரையில் மணல் கறுப்பாக மின்னுவதற்கு அதுதான் காரணம். இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இதே மணல்தான்.

அந்த மணலில் மோனசைட் என்று ஒரு தாது. அதற்குள் தோரியம். தோரியம் கதிர்வீச்சை உமிழும்.

அந்த மணல்மேல் வீடு கட்டி, வலை பின்னி, மீன் காயவைத்து, பிள்ளை பெற்று, தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஜீன்களுக்கு என்ன ஆகும்? வயதான காலத்தில் புற்றுநோய் வருமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி விஞ்ஞானிகள் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கரையில் நடையாய் நடந்திருக்கிறார்கள். கிடைத்த பதில் அந்த ஊருக்கு மட்டுமல்ல. 'எங்கப்பாவுக்கு கேன்சர், எனக்கும் வருமோ?' என்று ராத்திரியில் புரண்டு படுக்கிற உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

* * *

கதை ஆரம்பிப்பது ஒரு கயிற்றில்.

1909. திருவாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குத் தேங்காய் நார்க் கயிறு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம். ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியல் நிபுணர், அப்படிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். நம் ஆள் என்றால் உதறிவிட்டுப் போயிருப்பார். ஷோம்பெர்க் உதறவில்லை, சோதித்தார். மோனசைட்!

'மணலில் என்ன பெரிய அதிசயம்?' என்று கேட்காதீர்கள். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் எரியுமே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் உள்ளே வெள்ளை வலைப் பையாகத் தொங்கும் மேன்டில் ஞாபகமிருக்கிறதா? ஆஸ்திரியாவின் அவுவர் வான் வெல்ஸ்பாக் என்பவரின் கண்டுபிடிப்பு. அவர் கடைசியில் தேர்ந்தெடுத்த கலவையில் 99 சதவிகிதம் தோரியம் ஆக்ஸைடு. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்கெல்லாம் அந்த மேன்டில் தேவைப்பட்டது. தோரியத்துக்கு அப்படியொரு கிராக்கி!

ஷோம்பெர்க் நேராகக் கப்பலேறி வந்தார். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை போட்டார். அப்புறம் சவராவிலும். முதல் உலகப் போர் வந்ததும் 'ஜெர்மன்காரன், உளவாளியாக இருப்பான்' என்று மனுஷனைக் கைது செய்துவிட்டார்கள். ஆலை பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் இந்திய அரிய மணல் நிறுவனம் உருவானது.

அணுகுண்டு விழுந்த 1945-க்குப் பிறகு தோரியத்தைப் பற்றிய பேச்சின் சுருதி மாறியது. விளக்கு போய் அணுசக்தி வந்தது. கூடவே பயமும் வந்தது. ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பின்னால் ரத்தப் புற்று வந்ததை உலகம் பார்த்துவிட்டது. கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்படியானால் தினம் தினம், சன்னமாக, ஆயுள் முழுக்க அதை வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் கதி?

1950-களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 'கேரளக் கடற்கரையை ஆராயுங்கள்' என்று சொன்னது.

* * *

முதலில் மாட்டியது எலிகள். லண்டனின் ஹான்ஸ் குரூனெபெர்க் குழுவினர் மோனசைட் மணலில் வளைதோண்டி வாழ்ந்த எலிகளையும், அந்த மணல் இல்லாத இடத்து எலிகளையும் பிடித்து, பல்லையும் எலும்பையும் அளந்து ஒப்பிட்டார்கள். 1966-ல் அறிக்கை வந்தது. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

'எலி வேறு, மனிதன் வேறு' என்றார்கள். நியாயம்தானே?

பத்து வருஷம் கழித்து, 1976-ல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு குண்டு போட்டார்கள். கடற்கரை மக்களிடம் டவுன் சிண்ட்ரோம் அதிகமாக இருக்கிறது என்பது அவர்களின் முடிவு. பெரிய பரபரப்பு. ஒப்பிட்ட விதம் சரிதானா என்று மற்ற விஞ்ஞானிகள் கேள்வி கேட்டார்கள். சண்டை நீண்டது. அப்புறம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 1995-லிருந்து அந்தப் பகுதி மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஒன்றுவிடாமல் கவனித்து வந்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பிறவிக் குறைபாடுகளுக்கும் மணலின் கதிர்வீச்சுக்கும் தொடர்பு தென்படவில்லை.

'அப்பாடா' என்று மூச்சு விடலாம் என்று பார்த்தால், 2002-ல் இன்னொரு ஆராய்ச்சி. பீட்டர் ஃபார்ஸ்டர் குழுவினர், கதிர்வீச்சு உள்ள கரையிலும், பக்கத்திலேயே கதிர்வீச்சு குறைந்த தீவுகளிலுமாக 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே எழுத்து மாறியிருந்த இடங்கள், மணல்மேல் வாழ்ந்த குடும்பங்களில் தெளிவாக அதிகம்!

ஆக, கதிர்வீச்சு ஜீனைத் தொடாமல் விடவில்லை. தொட்டிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், அங்கே புற்றுநோய் எவ்வளவு இருக்க வேண்டும்?

* * *

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் இதற்கான வேலையை 1990-லேயே ஆரம்பித்திருந்தது. கருநாகப்பள்ளி தாலுகாவில் வீடு வீடாகப் போனார்கள். எத்தனை பேர், என்ன வயசு, என்ன வேலை, என்ன சாப்பாடு, புகை உண்டா, வெற்றிலையோடு புகையிலை உண்டா... எல்லாம் எழுதினார்கள். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கருவி வைத்துக் கதிர்வீச்சை அளந்தார்கள். கணக்கில் வந்தவர்கள் 3,85,103 பேர். நம் நாட்டில் இப்படி ஒரு காரியத்தைப் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

கதிர்வீச்சு ஒன்றும் கொஞ்சநஞ்சமில்லை. உலகத்தில் சராசரி மனிதன் இயற்கையிடமிருந்து எல்லா வழியிலும் சேர்த்து வாங்குவது வருஷத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். கருநாகப்பள்ளியின் கடலோரப் பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு வெளியே மணலிலிருந்து வருவது மட்டுமே பாதி இடங்களில் 4-க்கு மேல். சில இடங்களில் 70 வரை!

அவர்களில் 30 முதல் 84 வயது வரையான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. யாருக்கு எவ்வளவு கதிர்வீச்சு, யாருக்குப் புற்று என்று கணக்குப் போட்டு, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள்.

கதிர்வீச்சு அதிகம் வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரவில்லை. ரத்தப் புற்றும்கூட.

இதைப் படித்துவிட்டு 'அப்போ கதிர்வீச்சு நல்லது போலிருக்கே' என்று கிளம்பிவிடாதீர்கள். சிறிய ஆபத்து ஒன்று ஒளிந்திருந்தால் அதைப் பிடிக்க இந்த எண்ணிக்கை போதாமல் போகலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இது மணல் அள்ளுகிற கம்பெனிகளுக்குக் கொடுத்த நற்சான்றிதழும் அல்ல. கரை கரைந்து கிராமம் கடலுக்குள் போகிறது என்று ஆலப்பாட்டு மக்கள் போராடியது வேறு நியாயம்.

இது சொல்வது ஒன்றைத்தான். ஜீனில் மாற்றம் வந்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்று நினைத்தோமே, அந்தக் கணக்கு அவ்வளவு நேர்க்கணக்கு அல்ல.

* * *

ஏன்?

நம் உடம்பில் டி.என்.ஏ. சேதம் என்பது அன்றாடச் சங்கதி. வெயில், உணவு, ஏன்... மூச்சு விடுவதே கொஞ்சம் சேதம் செய்கிறது. அதைப் பழுதுபார்க்க செல்லுக்குள்ளேயே மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பித்த மாற்றம்தான் மியூட்டேஷனாகத் தங்குகிறது. அதிலும் முக்கால்வாசி எதற்கும் பிரயோஜனமில்லாத, எதையும் கெடுக்காத மாற்றங்கள். கருநாகப்பள்ளியில் கண்டதும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போன, மைட்டோகாண்ட்ரியாவில் இருந்த மாற்றங்கள். ஒரு செல்லைப் புற்றாக மாற்ற அது போதாது. குறிப்பிட்ட சில ஜீன்களில், ஒரே செல்லில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடி விழ வேண்டும்.

இதை 1954-லேயே பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கணக்கிலேயே காட்டிவிட்டார்கள். பல புற்றுநோய்களில் மரண விகிதம் வயதின் ஆறாவது மடிப்பெருக்கமாக ஏறுகிறது. அதாவது, 40 வயதுக்காரரைவிட 80 வயதுக்காரருக்கு ஆபத்து இரண்டு மடங்கு அல்ல, 64 மடங்கு! ஆறேழு தனித்தனி விபத்துகள் அடுத்தடுத்து நடந்தால்தான் இப்படி ஒரு கோடு வரும் என்றார்கள். புற்றுநோய் பெரும்பாலும் முதியவர்களைத் தேடி வருவதன் ரகசியம் இதுதான். விபத்துகள் சேர்வதற்கு காலம் வேண்டுமே.

2018-ல் இன்னும் சுவாரஸ்யம். இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில், புற்றுநோய் இல்லாமல் இறந்துபோன, உறுப்பு தானம் செய்த ஒன்பது பேரின் உணவுக்குழாயை ஆராய்ந்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அதன் உள்தோலில் பாதிக்கும் மேல் மியூட்டேஷன் உள்ள செல்களே பரவியிருந்தன. புற்றுநோய் ஜீன்கள் என்று பெயர் வாங்கியவற்றிலேயே மாற்றம். ஆனால், புற்று இல்லை! அறுபது வயதில் நாம் எல்லோருமே மியூட்டேஷன்களைச் சுமந்துகொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறோம்.

சரி, பரம்பரை? அதுவும் பொய்யல்ல. பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா 1866-ல் தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக மார்பகப் புற்று தொடர்ந்ததை எழுதிவைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-ல் அமெரிக்காவின் மேரி கிளேர் கிங், அப்படிப்பட்ட குடும்பங்களில் ஓடும் ஒரு ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் ஜீனே கையில் சிக்கியது. பிராக்கா-1. அதில் கோளாறோடு பிறக்கும் பெண்ணுக்கு ஆயுளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். பிறக்கும்போதே முதல் அடி விழுந்துவிடுகிறது. அதனால்தான் இத்தகைய குடும்பங்களில் நோய் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

ஆனால், மொத்தப் புற்றுநோய்களில் இப்படி ஒற்றை ஜீன் வழியாகப் பரம்பரையாக வருவது ஐந்திலிருந்து பத்து சதவிகிதம்தான்.

எனவே, குடும்பத்தில் விசாரிக்கும்போது 'யாருக்கு வந்தது?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த வயசுல வந்தது?' என்று கேளுங்கள். தாத்தாவுக்கு 78 வயதில் வந்தது வேறு. அத்தைக்கு 38 வயதில் வந்தது வேறு. ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு, ஐம்பது வயதுக்குள், ஒரே மாதிரிப் புற்று என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுக்கென்றே தனி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. தாத்தா கேஸ் என்றால் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

* * *

இப்போது, நான் இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

கருநாகப்பள்ளியில் வீடு வீடாக எழுதிய அதே நோட்டுகளில் இன்னொரு கணக்கும் இருந்தது. புகையிலைக் கணக்கு. மணலை விட்டுவிட்டு அதைப் பார்த்தபோது பதிலுக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கவில்லை. பீடி குடிக்கிற ஆண்களுக்கு நுரையீரல் புற்று வரும் ஆபத்து, பீடியே குடிக்காதவர்களைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 78,140 பெண்களைப் பின்தொடர்ந்ததில், புகையிலை மெல்லுகிறவர்களுக்கு வாய்ப்புற்று பல மடங்கு அதிகம். ஒரு நாளில் எத்தனை தடவை மென்றார்களோ, அத்தனைக்கு ஆபத்தும் ஏறியது.

ஒரு ஊரே காலடி மணலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. ஆபத்து சட்டைப் பையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது!

முன்பு சொன்ன ரிச்சர்ட் டால் யார் தெரியுமா? 1950-ல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை பிராட்ஃபோர்ட் ஹில்லோடு சேர்ந்து நிரூபித்த அதே டால்தான். ஆறேழு விபத்துகள் நடக்க வேண்டும் என்றாரே, அவற்றை ஆயுள் முழுக்க ஒவ்வொன்றாக, தவறாமல் நடத்திக்கொண்டே போகிற சாமான் புகையிலை. செல்லின் மெக்கானிக்குகளுக்கு ஓய்வே கொடுக்காது.

மலையேறி மறுபடி நம் பக்கம் இறங்குவோம். அருவியை விட்டுக் கிளம்பி கடையநல்லூர், ஆலங்குளம் என்று ஊர்களுக்குள் போய்ப் பாருங்கள். மத்தியான வேளையில் வாசல் திண்ணையில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலை, புகையிலைத் தூள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல்கள் ஒரு பக்கம் ஓடும். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் லட்சக்கணக்கான பெண்களின் பிழைப்பு இது. பிள்ளையின் ஃபீஸ், மகளின் கல்யாணம், அரிசி, பருப்பு எல்லாம் அந்த முறத்திலிருந்துதான்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனால், பீடிப் புகையிலையைப் பதப்படுத்தும் தொழிலாளர்களின் ரத்த அணுக்களில் குரோமோசோம் சேதம் அதிகம் இருப்பதை மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1995-லேயே கண்டு எழுதினார்கள். குடிப்பது யாரோ, தூளைச் சுவாசிப்பது யாரோ.

'சுத்தறதை விட்டுருங்கம்மா' என்று சொல்லிவிட்டு நாம் காரில் ஏறிப் போய்விடலாம். 'விட்டா சோறு யாருங்க போடுவா?' என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. வேறு வேலை தருவது சர்க்கார் செய்ய வேண்டிய காரியம். அதுவரை முகத்தை மூடித் துணி கட்டிக்கொள்வது, காற்றோட்டமாக உட்கார்வது, தூள் முறத்தைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைப்பது, கை கழுவாமல் சோற்றில் கை வைக்காமல் இருப்பது... இவ்வளவாவது செய்யலாம். வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து மருத்துவரிடம் காட்டுவது, புகையிலை மெல்லுகிற பாட்டிகளுக்கு அவசியம். ஆறாத புண், வெள்ளைத் திட்டு என்றால் உடனே. வாய்ப்புற்று ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிகிற நோய். பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

உங்களுக்கு வாய்த்த ஜீனை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்த மண்ணையும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த மீனவக் குடும்பங்கள் இரண்டையும் மாற்ற முடியாமல்தான் வாழ்ந்தார்கள். அவற்றால் அவர்கள் ஆயுள் குறைந்ததாகக் கணக்கு சொல்லவில்லை.

மாற்ற முடிந்த ஒன்று தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.